தூங்கத் தெரிந்த பெட்டி... தூங்காத மலை!

மூணாறு போனால் போட்டிங் போகலாம், ஹோம்மேட் சாக்லேட் வாங்கலாம். ஒரு புரோகிராமிங் மொழியையும் பார்த்துவிட்டு வரலாம். நம்பலைன்னா படிங்க!

மூணாறு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பச்சை ஜமுக்காளம் விரித்த மாதிரி தேயிலைத் தோட்டம், மாட்டுப்பட்டி டேம், ராஜமலை வரையாடு, ரோட்டோரம் ஆவி பறக்கும் மக்காச்சோளம்... அப்புறம் நம்ம காலேஜ் ஐ.வி! 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று ஹெச்.ஓ.டி-யிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, இண்டஸ்ட்ரியையும் பார்க்காமல், விசிட்டும் அடிக்காமல், பஸ்ஸுக்குள் ஆடிக்கொண்டே போய்வரும் ஊர்களின் லிஸ்ட்டில் மூணாறுக்கு எப்பவும் டாப் இடம்.

ஆனால் நிஜமாகவே ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அங்கே ஒன்று இருக்கிறது. எந்த டூர் பேக்கேஜிலும் அது கிடையாது. பேரு, அந்தோணியார் காலனி. டவுனை ஒட்டிய ஒரு மலைச்சரிவு. அங்கே மண்ணுக்குள் சென்சார்களை இறக்கி, 'நீ எப்போ சரியப் போற?' என்று மலையிடமே கேட்டுப் பார்த்தார்கள். கேட்டது மனிதர்கள் இல்லை, உள்ளங்கை சைஸ் வயர்லெஸ் பெட்டிகள். அந்த ரகப் பெட்டிகளுக்கென்றே ஒரு தனி மொழி உண்டு. அதைத் தேடித்தான் இந்த டூர்!

17 வளைவு... ஒரு ஸ்வெட்டர்!

தேனியில் வெயில் மண்டையைப் பிளந்தது. போடி தாண்டியதும் மலை ஆரம்பம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் ஜன்னலைச் சாத்தினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது, 'ஸ்வெட்டரா... எனக்கா?' என்று சிரித்த ரூம்மேட், என் பையைத் துழாவ ஆரம்பித்திருந்தான்.

பார்டர் தாண்டியதும் போர்டெல்லாம் மலையாளம். பேச்சு மட்டும் தமிழ்! டீக்கடை, ஏலக்காய் கடை, பஸ் கண்டக்டர்... எங்கே திரும்பினாலும் நம்ம பேச்சுதான். நூறு வருஷத்துக்கும் முன்பே தேயிலை நடவும் கொழுந்து எடுக்கவும் தெற்குச் சீமையில் இருந்து மலையேறிய குடும்பங்களின் பேரன், பேத்திகள் இவர்கள்.

பூப்பாறை தாண்டி கேப் ரோடு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் மேகம். அவ்வளவு அழகு! ஆனால் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்தபோது, 2019-லும் 2020-லும் இங்கே பாறை மொத்தமாகச் சரிந்து பாதையையே மூடிவிட்டது. இந்த மலையில் அழகும் ஆபத்தும் ஒரே பஸ்ஸில்தான் டிராவல் பண்ணுகின்றன.

மூணாறு ஸ்டாண்டில் இறங்கியதும் ஓர் ஆட்டோ அண்ணனிடம் கேட்டோம்.

''அண்ணே, அந்தோணியார் காலனி போகணும்.''

''அங்க என்ன தம்பி பார்க்கப் போறீங்க? எக்கோ பாயின்ட் கூட்டிட்டுப் போகவா?''

''இல்லண்ணே... மண்ணுக்குள்ள மிஷின் வெச்சாங்களாமே, அந்த இடம்.''

''ஓ... உருள்பொட்டல் மிஷினா? அது பக்கம்தான். இதுக்கு ஆட்டோ எதுக்கு, நடந்தே போங்க!''

வந்த சவாரியை வேண்டாம் என்று சொன்ன ஆட்டோக்காரரை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தோம். நிலச்சரிவுக்கு மலையாளத்தில் 'உருள்பொட்டல்' என்று பேர். தமிழ் பேசுகிறவர்கள் வாயிலும் அந்த வார்த்தை சர்வசாதாரணமாக வருகிறது. அந்த அளவுக்கு அது இந்த ஊருக்குப் பழக்கப்பட்ட பயம்.

ரயில் ஓடின ஊருங்க இது!

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் சேரும் இடம் என்பதால்தான் மூணாறு. இந்த ஊரில் ஒருகாலத்தில் ரயில் ஓடியது தெரியுமா? குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே. 1902-ல் மோனோரயிலாக ஆரம்பித்து, 1908-ல் நேரோகேஜாக மாறியது. 1924 ஜூலையில் பெய்த பேய் மழை தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் மூணாறில் ரயில் சத்தம் கேட்கவே இல்லை. கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1099 என்பதால், கேரளா முழுக்க அந்த வெள்ளத்துக்கு '99-ம் வருஷ வெள்ளம்' என்று பேர்.

2005 ஜூலை மழையில் அந்தோணியார் காலனியில் மண் சரிந்து உயிர்கள் போயின. 2018 ஆகஸ்ட் மழையில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடங்களே சரிவில் சிதைந்தன. நம்ம வயசுப் பசங்க அட்டெண்டன்ஸ் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பறைகள்!

காலனிக்குக் கீழே ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தோம். படிப்படியாக வீடுகள், கொடியில் காயும் யூனிஃபார்ம், எங்கேயோ ஒரு டி.வி சத்தம். சரிவு மேலே பனிமூட்டம். வீடுகளுக்கு நடுவே புகுந்து போட்டோ எடுக்க மனசு வரவில்லை. இது எக்ஸிபிஷன் இல்லை, மக்கள் குடியிருக்கும் இடம்.

மலை ஏன் சரியுது?

சிம்பிள் ஃபிசிக்ஸ்தான். கீழே பாறை, மேலே மண். மழை பெய்யப் பெய்ய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தாண்டிப் போக முடியாமல் தேங்குகிறது. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏற ஏற, மண்ணின் பிடி தளர்கிறது. ஒரு கட்டத்தில் மொத்தச் சரிவும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் விரிசல் எல்லாம் கடைசி சீன். கதை ஆரம்பிப்பது மண்ணுக்குள்ளே.

அதனால்தான் அமிர்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனீஷா வி.ரமேஷ் தலைமையிலான குழு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தது. துளை போட்டு, 20 மீட்டருக்கும் மேலான ஆழம் வரை குழாய்களை இறக்கினார்கள். உள்ளே, தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர், சாய்மானம் பார்க்கும் டில்ட்மீட்டர், உருத்திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என 50 சென்சார்கள். அவை சொல்வதைக் கேட்டு ரேடியோவில் அனுப்ப 20 வயர்லெஸ் நோடுகள். ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் சொல்ல, அது அடுத்ததிடம் சொல்ல, கடைசியில் சாட்டிலைட் வழியாக 300 கிலோமீட்டர் தள்ளி அமிர்தபுரியில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். 2009 ஜூலை மழையில் அளவுகள் எகிற, இங்கே இருந்து நிஜமாகவே ஓர் எச்சரிக்கை போனது. மழை விட்டது, மலையும் அன்றைக்கு விட்டுவிட்டது.

இந்த நெட்வொர்க்கில் முதலில் வந்த நோடு, 'மைக்கா-இசட்'. ஆராய்ச்சி உலகத்தில் இந்த மாதிரி குட்டிப் பெட்டிக்கு 'மோட்' என்று செல்லப் பேர். தூசு என்று அர்த்தம்!

25 எஸ்.எம்.எஸ் சைஸ் மூளை

மைக்கா-இசட்டின் பயோடேட்டாவைப் பார்த்தால் சிரிப்பு வரும். 8 பிட் ப்ராசஸர். புரோகிராம் வைக்க 128 கிலோபைட். வேலை செய்ய ரேம், வெறும் 4 கிலோபைட். அதாவது, 160 எழுத்து எஸ்.எம்.எஸ் 25 வைத்தால் ஹவுஸ்ஃபுல். இன்றைக்கு நாம் ஆசையாக விளையாடும் மைக்ரோபைத்தானுக்கு, 256 கிலோபைட் புரோகிராம் இடமும் 16 கிலோபைட் ரேமும் வேண்டும். இந்தப் பெட்டியின் வாசலிலேயே அது நின்றுவிடும்.

ஆனால் நிஜப் பஞ்சம் மெமரியில் இல்லை, கரண்டில்! கணக்கைப் பாருங்கள். ப்ராசஸர் முழித்திருந்தால் 8 மில்லிஆம்பியர். ரேடியோவைத் திறந்து காது கொடுத்தால் சுமார் 20. மொத்தம் 28. இந்த மோட்டுக்குக் கம்பெனி சொன்ன சாப்பாடு, ரெண்டு பென்சில் பேட்டரி. அவற்றில் 2,500 மில்லிஆம்பியர்-அவர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 89 மணி நேரத்தில் ஆள் காலி. நாலு நாள்கூட இல்லை!

அதே பெட்டி தூங்கும்போது குடிப்பது 0.015 மில்லிஆம்பியர்தான். நூறு செகண்டில் ஒரே ஒரு செகண்ட் முழித்து, மீதி 99 செகண்ட் தூங்கினால், சராசரி 0.295-க்கு இறங்கிவிடும். இப்போ கணக்குப் போடுங்கள்... 353 நாள்! கிட்டத்தட்ட ஒரு வருஷம். நாலு நாளுக்கும் ஒரு வருஷத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே வித்தியாசம், தூக்கம். ஹாஸ்டல் பசங்களுக்கு இதைவிட நல்ல சயின்டிஃபிக் சப்போர்ட் கிடைக்காது!

இன்னொரு ஷாக். இந்த ரேடியோ முழு சக்தியோடு பேசுவதற்கு 17 மில்லிஆம்பியர் சொச்சம். சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்கு 20. ஆமாம், பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் செலவு அதிகம்! யாராவது பேசுவார்களா என்று காத்துக்கொண்டே இருப்பதுதான் பேட்டரியைக் கொல்லும் வேலை. அதனால் பெட்டிகள் அவ்வப்போது ஒரு கணம் காதைத் திறந்து, 'யாராவது கூப்பிட்டீங்களா?' என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். கூப்பிடுகிற பெட்டி, எதிராளி முழிக்கும் வரை விடாமல் கதவைத் தட்ட வேண்டும்.

பறவைத் தீவில் ஒரு ரிகர்சல்

இந்தப் பெட்டிகளின் குலம், கோத்திரம் தெரிய, மூணாறில் இருந்து உலகத்தின் மறுபக்கம் ஒரு ஜம்ப் அடிக்க வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரம், கிரேட் டக் தீவு. அங்கே ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடல்பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். மனுஷன் கிட்டே போனால் டிஸ்டர்ப் ஆகும். அதனால் 2002-ல் இன்டெல்லின் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடமும் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்கும் சேர்ந்து, வளைக்குள்ளேயும் வெளியேயும் 32 மோட்டுகளை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். பறவை அதுபாட்டுக்கு அடைகாக்க, பெட்டி அதுபாட்டுக்கு வெப்பம், ஈரப்பதம் எல்லாம் எழுதி அனுப்பியது.

அந்தப் பெட்டிகளுக்குள் ஓடியது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த 'டைனிஓஎஸ்' என்ற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். அதை எழுதுவதற்கென்றே உருவான மொழிதான் நம்ம ஹீரோ... 'நெஸ்-சி'! டேவிட் கே, ஃபிலிப் லெவிஸ், டேவிட் கல்லர் உள்ளிட்ட ஆறு பேர் 2003-ல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்கள். பார்க்க 'சி' மொழி மாதிரியே இருக்கும். ஆனால் ஸ்ட்ரிக்ட்டான வார்டன் மாதிரி சில ரூல்ஸ் போடும்.

வார்டன் போட்ட மூணு ரூல்

ரூல் 1: வெயிட் பண்ணாதே! ஆர்டுயினோவில் நாம் எல்லோரும் 'டிலே ஆயிரம்' என்று எழுதியிருப்போம். அந்த ஒரு செகண்டும் ப்ராசஸர் முழித்துக்கொண்டு சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். டைனிஓஎஸ்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. நம்ம மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கு டோக்கன் கொடுத்துவிட்டு, வேகும் வரை கல்லையே முறைத்துக்கொண்டு நிற்பது ஒரு ரகம். 'ரெடியானா கூப்பிடுங்க மாஸ்டர்' என்று சொல்லிவிட்டு டேபிளில் தலை சாய்ப்பது இன்னொரு ரகம். நெஸ்-சி, ரெண்டாவது ரகம். 'ரீட்' என்று கேட்பது ஒரு வேலை. அளந்து முடித்ததும் 'ரீட்-டன்' என்று வந்து எழுப்புவது தனி வேலை. 'சென்ட்' என்றால் அனுப்பு. முடிந்ததும் 'சென்ட்-டன்'. நடுவில் செய்ய எதுவும் இல்லையா? சிஸ்டமே ப்ராசஸரைத் தூங்க வைத்துவிடும். தூங்கு என்று நாம் எழுதவே வேண்டாம். வேலை இருந்தால் முழிப்பு, இல்லையென்றால் தூக்கம்... அதுதான் அந்த மொழியின் சுபாவம்.

ரூல் 2: நடுவில் கடன் கேட்காதே! நாம் 'சி' கிளாஸில் படித்த 'மேலாக்' இங்கே இல்லை. எவ்வளவு மெமரி வேண்டும் என்று கம்பைல் பண்ணும்போதே முடிவாகிவிட வேண்டும். 4 கிலோபைட்டை வைத்துக்கொண்டு, நடுராத்திரியில் 'மெமரி தீர்ந்துபோச்சு' என்று பெட்டி மயங்கி விழுந்தால், ரீசெட் பட்டனை அமுக்க மழையில் யாரு மலையேறுவா?

ரூல் 3: சண்டையை வீட்டிலேயே முடித்துக்கொள்! இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த ரூல். 8 பிட் ப்ராசஸர் ஒரு 16 பிட் எண்ணை ரெண்டு துண்டாகத்தான் படிக்கும். தண்ணீர் அழுத்தத்தின் அளவு 255-ல் இருந்து 256-க்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் முதல் துண்டைப் படித்து முடித்த அந்தக் கணத்தில், இன்டரப்ட் வந்து எண்ணை மாற்றிவிட்டுப் போகிறது. புரோகிராம் ரெண்டாவது துண்டைப் படிக்கிறது. பழசு பாதி, புதுசு பாதி. சேர்த்துப் பார்த்தால்... 511! மண்ணில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் பெட்டி 'ஐயோ, டபுள் ஆயிடுச்சு!' என்று அலறும். நடுராத்திரியில் ஒரு காலனியே குழந்தை குட்டியோடு மழையில் ஓடும்.

இந்த மாதிரி ஓட்டை லேபில் டெஸ்ட் பண்ணும்போது சிக்கவே சிக்காது. லட்சத்தில் ஒருமுறை வரும். நெஸ்-சி கம்பைலர் மொத்த புரோகிராமையும் ஒரே நேரத்தில் பார்ப்பதால், 'இந்த இடத்தில் ரெண்டு பேர் ஒரே எண்ணைத் தொடுறாங்க' என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தை 'அட்டாமிக்' என்று பூட்டிவிட்டால் போதும். இந்தச் சோதனையை ஓடவிட்டபோது, டைனிஓஎஸ்ஸின் சொந்தக் கோடிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட வேரியபிள்களில் இந்தக் கோளாறு மாட்டியது. எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்களுக்கே இந்த கதி என்றால், இன்டர்னல் மார்க்குக்குக் கோடு எழுதும் நம்ம நிலைமை?

ஹீரோ இப்போ எங்கே?

நெஸ்-சி இன்றைக்கு ஃபீல்டில் இல்லை என்றே சொல்லலாம். 'வயரிங்' என்ற பேரில் ஒவ்வொரு பாகத்தையும் இன்னொன்றோடு கோர்ப்பது, ஒரு சின்ன வேலையைப் பத்து ஈவென்ட்டாக உடைத்து எழுதுவது... கற்றுக்கொள்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸோ, சாதாரண 'சி' மொழியிலேயே எழுதும் 'கான்டிகி' சிஸ்டத்தைக் கொண்டுவந்தார். அதில் 'ப்ரோட்டோத்ரெட்' என்று ஒரு சூப்பர் ஐடியா. நிறுத்தி நிறுத்தி ஓடும் புரோகிராமை, ஒரே நேர்கோட்டில் கதை மாதிரி எழுதலாம். அதற்கு ஆகும் கூடுதல் மெமரி வெறும் ரெண்டே பைட்!

இப்போது இந்த ஃபீல்டில் பெரும்பாலும் 'சி' தான் ராஜா. ஸெஃபிர், ஃப்ரீஆர்டாஸ், ரயட் என்று சிஸ்டங்கள் நிறைய. ஆனால் நம்ம ஹீரோ சும்மா சாகவில்லை. சத்தமில்லாமல் வேறு உடம்பில் புகுந்துவிட்டார். ரஸ்ட் மொழியில் 'அசிங்க் - அவெயிட்' எழுதிப் பாருங்கள். டோக்கன் கொடுத்துவிட்டுத் தூங்கும் அதே கதை, அழகான டிரெஸ்ஸில். ரெண்டு பேர் ஒரே எண்ணில் கை வைத்தால் கம்பைலரே பிடித்துக்கொள்ளும் அந்தக் குணமும் ரஸ்ட்டில் இருக்கிறது. ரேடியோவும் மாறிவிட்டது. பெட்டிக்குப் பெட்டி கிசுகிசுத்த காலம் போய், 'லோரா' ரேடியோ கொஞ்சூண்டு கரண்டில் கிலோமீட்டர் கணக்கில் பேசுகிறது. நம் நாட்டில் அதற்கான 865-867 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸும் தேவையில்லை.

மாறாதது ஒன்றே ஒன்று. மலைக்குப் பெட்டி ரொம்பத் தேவைப்படுவது அடைமழை நாளில்தான். அன்றைக்குத்தான் சோலார் பேனலுக்கு வெயில் இல்லை. இலையெல்லாம் நனைந்து ரேடியோவும் திணறும். மழை வலுக்க வலுக்க அடிக்கடி அளக்கவும் வேண்டும். வரவு நின்றுபோன நாளில் செலவு அதிகம்! வருஷம் முழுக்கத் தூங்கிச் சேர்த்துவைத்த கரண்ட்டை அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் வைத்திருக்க வேண்டும். எறும்புக்குத் தெரிந்த கணக்கு. அதை மெஷினுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இந்த மொழிகளின் மொத்த வேலையும்.

'சென்ட்-டன்' என்றால் என்ன?

ராஜமலையைத் தாண்டி, மூணாறு டவுனில் இருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் போனால் பெட்டிமுடி. நாங்கள் போகவில்லை. அது டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை.

2020 ஆகஸ்ட் 6. நாள் கணக்கில் பெய்த மழை. ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் மேலே இருந்து மலை உடைந்து, தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் இறங்கியது. 70 பேர் போனார்கள். நாலு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. கரண்ட் இல்லை. டவர் இல்லை. விஷயம் வெளி உலகத்துக்குத் தெரிய மறுநாள் காலை ஆனது.

அந்தோணியார் காலனியில் சென்சார் உண்டு. பெட்டிமுடியில் இல்லை. ஒரே மலைத்தொடர்தான். பெட்டி காவல் காத்தது ஒரு சரிவை மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை அங்கே பெட்டி இருந்திருந்தால்? மண்ணின் அழுத்தத்தை அளந்திருக்கும். 'ரீட்-டன்' வந்திருக்கும். 'சென்ட்' என்றிருக்கும். 'சென்ட்-டன்' என்று பதிலும் வந்திருக்கும். ஆனால் டைனிஓஎஸ்ஸில் 'சென்ட்-டன்' என்றால், 'நான் அனுப்பிட்டேன்' என்று மட்டும்தான் அர்த்தம். 'அவங்க கேட்டுட்டாங்க' என்று அர்த்தம் இல்லை! எதிராளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய, தனியாக ஒரு அக்னாலெட்ஜ்மென்ட் கேட்டு வாங்க வேண்டும். 4 கிலோபைட் மூளைக்கே இந்த வித்தியாசம் தெரிகிறது. 'அலர்ட் கொடுத்தாச்சு' என்று ஃபைலை மூடுகிற நமக்குத்தான் தெரிவதில்லை. கரண்ட் போன லயத்தில், டவர் செத்த ராத்திரியில், தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் அக்காவின் காதில், அவருக்குப் புரியும் தமிழில் விழாத வரை அந்த மெசேஜ் போய்ச் சேரவில்லை.

அதே மாதிரி, 'இந்த அளவைத் தாண்டினால் எச்சரி' என்று நாம் எழுதும் ஒற்றை 'இஃப்' வரி. அளவைக் குறைவாக வைத்தால், மழை பெய்யும்போதெல்லாம் சைரன். நாலு தடவை ஓடிப் பார்த்துவிட்டு அஞ்சாவது தடவை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதிகமாக வைத்தால், ஓட நேரமே இருக்காது. அந்தோணியார் காலனி சிஸ்டத்தில் அதனால்தான் முதல் கட்டம், நடுக்கட்டம், உடனடி என்று எச்சரிக்கையை மூன்று படியாகப் பிரித்தார்கள். லேபில் அது ஒரு நம்பர். லயத்தில் அது ஒரு குடும்பத்தின் தூக்கம், ஒரு நாள் கூலி, சில சமயம் உயிர்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடிக்கொண்டிருக்கும் மக்களே! 'ஐ.ஓ.டி பேஸ்டு லேண்ட்ஸ்லைடு மானிட்டரிங்' என்று போஸ்டர் அடிக்கும் டீம் எல்லா காலேஜிலும் இருக்கிறது. டெமோ அன்றைக்கு யு.எஸ்.பி கேபிளில் கரண்ட் எடுத்து, வை-ஃபையில் டேட்டா அனுப்பி, எல்.இ.டி எரிந்தால் கைத்தட்டல். தப்பில்லை. ஆனால் கேபிளைப் பிடுங்கி, வை-ஃபையை அணைத்துவிட்டு மூணே மூணு கேள்வி கேட்டுப் பாருங்கள். பேட்டரி எத்தனை நாள் வரும்? ஒரே ஒரு பெட்டி செத்தால் மீதி என்ன செய்யும்? கடைசி ஆள் காதில் விழுந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றுக்கும் பதில் எழுத முடிந்தால், நீங்கள் எந்த மொழியில் கோடு எழுதினாலும் சரி. மலைக்கு அது புரியும்.

மூணாறு போறவங்க கவனத்துக்கு...

* 2023 ஜூனில் இருந்து போடி வரை மறுபடி ரயில் ஓடுகிறது. அங்கிருந்து போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாக பஸ்ஸில் மூணாறு போகலாம். ஜன்னல் சீட் பிடிங்க!

* ராஜமலையில் வரையாடு பார்க்க ஆசையா? குட்டி போடும் சீசனான பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுப் போங்க.

* 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து பூக்க வேண்டியது 2030-ல். அதற்குள் அரியரை கிளியர் பண்ணிடுங்க!

* ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதாக இருந்தால், முதல்நாள் மழை அலர்ட்டைப் பாருங்க. ரெட் அலர்ட் என்றால் டிரிப்பைத் தள்ளிப்போடுங்க. அங்கேயே குடியிருக்கும் மக்களுக்கு அந்த சாய்ஸ் இல்லை. நமக்கு இருக்கிறது.